மேப் எடிட்டரில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்கிராஃப்ட் 3 விளையாட்டுடன் 2002-இல் வெளிவந்த மேப் உருவாக்கும் கருவியான வேர்ல்ட் எடிட்டரில் ட்ரிகர் (ஒரு நிகழ்வு நடந்ததும் ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதப் பழகியவர்கள், சில நாட்களிலேயே ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். பறக்கும் தீப்பந்து, பின்னுக்குத் தள்ளப்படும் வீரன், நொடிக்கு நொடி உயிரைக் குறைக்கும் நஞ்சு என எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு லூப் இருக்கிறது. அதை ஓடவைப்பது எளிது. ஆட்டம் தொடங்கி நாற்பது நிமிடம் ஆன பிறகும் முதல் நிமிடத்தில் ஓடியதைப் போலவே ஓடவைப்பதுதான் கடினம். இங்குள்ள விடைகள் பெரும்பாலும் ட்ரிகர் எடிட்டரில் வரிகளைத் தேர்ந்தெடுத்து வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டவை. இந்த விளையாட்டின் நிரல் மொழியான ஜாஸ் தேவைப்படும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

லூப்பும் பீரியாடிக் ட்ரிகரும் ஒன்றுதானா?

இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் சரியாக எழுத முடியாது. ஓர் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சுற்றும் ‘ஃபார் ஈச் இன்டிஜர்’ வகை லூப் ஆட்டத்தின் ஒரே கணத்துக்குள் முழுவதுமாக ஓடி முடிகிறது. அது 1 முதல் 100 வரை சுற்றினாலும் ஆட்டத்தின் கடிகாரம் ஓர் இம்மிகூட நகர்வதில்லை. ஆகவே ஒரு யூனிட்டை (வீரன், தீப்பந்து போன்ற ஆட்டப் பொருளை) சுற்றுக்கு 5 அலகு வீதம் 100 முறை நகர்த்தும் லூப்பை எழுதினால், அந்த யூனிட் நடந்து போவதாகத் தெரியாது. 500 அலகு தள்ளி ஒரேயடியாகத் தோன்றும். பீரியாடிக் ட்ரிகரோ குறிப்பிட்ட இடைவெளியில் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடுவது. அதன் ஒவ்வோர் ஓட்டத்தையும் இனி ‘டிக்’ என்று குறிப்பிடுகிறேன். நகரும் பொருள்களுக்கு இரண்டுமே வேண்டும்: டிக் காலத்தை நகர்த்துகிறது, ஒவ்வொரு டிக்குக்கு உள்ளேயும் ஒரு லூப், அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் எல்லாத் தீப்பந்துகளையும் வரிசையாகத் தொட்டுச் செல்கிறது.

எத்தனை நொடிக்கு ஒருமுறை ஓடவைக்க வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் அசைவுக்கு நொடிக்கு 30 முறைக்குச் சற்று மேல் இருந்தால் போதும். எடிட்டரில் பலரும் 0.03 என்று எழுதுவார்கள். ஜாஸ் எழுதுபவர்கள் 0.03125 என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னது நொடிக்குச் சரியாக 32 டிக். ஒன்றை 32-ஆல் வகுத்த அந்த எண்ணைக் கணினி தன் இருமக் கணக்கில் பிசிறின்றி எழுதிக்கொள்ள முடியும், 0.03-ஐ அப்படி எழுத முடியாது. டிக்குகளைக் கூட்டிக் கூட்டி நேரத்தை அளக்கும்போது இந்தப் பிசிறு மெல்லச் சேர்ந்து, ‘நேரம் 2.00-க்குச் சமமா’ என்ற சோதனையைப் பொய்யாக்கிவிடும். எந்த இடைவெளியை எடுத்துக்கொண்டாலும் சமமா என்று சோதிக்காமல், ‘சமம் அல்லது அதிகமா’ என்று சோதிப்பதே பாதுகாப்பு.

வேகத்தை டிக்குக்கு மாற்றும் கணக்கை மேப் தொடங்கும்போதே ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 600 அலகு செல்லும் தீப்பந்து டிக்குக்கு 18.75 அலகு செல்லும். இந்தப் பெருக்கலை நொடிக்கு 32 முறை திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

அசைவு இல்லாத வேலைகளுக்கு இந்த வேகம் வீண். நஞ்சுக்கு ஒரு நொடி இடைவெளி போதும். ஒரு பகுதியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவதற்கு அரை நொடி போதும். ஒரு யூனிட் இறந்ததா, ஒரு பகுதிக்குள் நுழைந்ததா என்பதைத் தெரிந்துகொள்ளவோ டிக் வைத்துச் சோதிக்கவே வேண்டாம். அதற்கான நிகழ்வை எடிட்டரே தருகிறது, அது நடக்கும்போது மட்டுமே உங்கள் ட்ரிகர் விழித்துக்கொள்ளும்.

லூப்புக்குள் ‘வெயிட்’ வைத்தால் அதே பயன் கிடைக்காதா?

கிடைக்காது, பிறகு கண்டுபிடிக்க முடியாத பிழைகள்தாம் கிடைக்கும். காத்திருக்கச் சொல்லும் வரியான ‘வெயிட்’ ஆட்ட நேரத்தைப் பின்பற்றாமல் நிஜ நேரத்தைப் பின்பற்றுகிறது, அதிலும் துல்லியம் கிடையாது, 0.03 என்று எழுதினாலும் அதைவிடப் பல மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆட்ட நேரத்தைப் பின்பற்றும் மற்றொரு ‘வெயிட்’ இருக்கிறதே என்றால், அது உள்ளுக்குள் ஒரு டைமரை வைத்துக்கொண்டு இந்த முதல் ‘வெயிட்’டையே திரும்பத் திரும்ப அழைப்பதுதான். இரண்டும் கதைக் காட்சிகளுக்கு உதவும். அசைவுக்கு உதவாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ட்ரிகர் ‘வெயிட்’டில் தூங்கும்போது வேறு ட்ரிகர்கள் ஓடுகின்றன, அவை அதே வேரியபிள்களில் (மதிப்புகளைச் சேமிக்கும் பெயரிட்ட இடங்களில்) தங்கள் மதிப்புகளை எழுதிவிடுகின்றன. தூங்கி எழுந்த உங்கள் லூப், 4-ஆவது சுற்றில் விட்டதை 11-ஆவது சுற்றிலிருந்து தொடரலாம், அல்லது வேறொருவருடைய வீரனைக் கொல்லலாம். ஒரு குழுவின் ஒவ்வொரு யூனிட்டையும் எடுத்துச் செயல்படும் ‘பிக் எவ்ரி யூனிட்’ வரிக்குள் ‘வெயிட்’ வைத்தால் அது வேலையே செய்யாது.

‘இன்டிஜர் ஏ’ லூப்புக்குள் இன்னொரு ‘இன்டிஜர் ஏ’ லூப் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ‘இன்டிஜர் ஏ’ என்பது மேப் முழுமைக்கும் பொதுவான ஒரே குளோபல் வேரியபிள். உள் லூப் அதைத் தன் இறுதி எண்ணைத் தாண்டி நகர்த்திவிட்டு முடிகிறது. வெளி லூப் அந்த எண்ணைத் தன்னுடையது என்று நம்பித் தொடர்கிறது. உள்ளுக்கு ‘இன்டிஜர் பி’யைப் பயன்படுத்தினால் இந்த மோதல் தீரும். ஆனாலும் மோதல் வேறு வழியில் வரும்: லூப்புக்குள் ஒரு யூனிட்டைத் தாக்குகிறீர்கள், அது இறக்கிறது, இறப்பைக் கவனிக்கும் வேறொரு ட்ரிகர் அந்தக் கணமே நடுவில் ஓடுகிறது, அதனுள்ளும் ஓர் ‘இன்டிஜர் ஏ’ லூப் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ட்ரிகருக்கும் தனித்தனி எண் வேரியபிள் ஒன்றை உருவாக்கி, ‘ஃபார் ஈச் இன்டிஜர் வேரியபிள்’ வகையையே பயன்படுத்தும்படி எல்லோரையும் வற்புறுத்துகிறேன்.

ஒரே மந்திரத்தைப் பல வீரர்கள் ஒரே நேரத்தில் ஏவினால் குழம்பாமல் எப்படி எழுதுவது?

ஒவ்வோர் ஏவலுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் அதன் விவரங்களை எல்லாம் அரேக்களில் (எண்ணிட்ட இடங்கள் பல கொண்ட வேரியபிள்களில்) வைத்துக்கொள்ள வேண்டும். தீப்பந்து எந்த யூனிட், எந்தக் கோணம், இன்னும் எவ்வளவு தூரம், ஏவியவர் யார் என நான்கு அரேக்கள். மொத்தம் எத்தனை தீப்பந்துகள் என்பதற்கு ஒரு தனி எண். ஏவும் ட்ரிகர் அந்த மொத்தத்தை ஒன்று கூட்டி, புதிய எண்ணின் கீழ் விவரங்களை எழுதுகிறது. மொத்தம் 1 ஆகும்போது மட்டும் பீரியாடிக் ட்ரிகரை இயக்குகிறது. பீரியாடிக் ட்ரிகர் ஒவ்வொரு டிக்கிலும் 1 முதல் மொத்தம் வரை சுற்றி எல்லாவற்றையும் நகர்த்துகிறது.

நீக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 3 தீப்பந்துகள் பறக்கின்றன, அவற்றில் 1-ஆவது தன் தூரத்தை முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓட்டை விடக் கூடாது என்பதற்காக 3-ஆவதன் விவரங்களை 1-ஆவது இடத்துக்குப் படியெடுத்து, மொத்தத்தை 2 ஆக்குகிறோம். இப்போது லூப் 2-க்குப் போகிறது. ஆனால் 1-ஆவது இடத்துக்கு வந்து அமர்ந்த தீப்பந்தை இந்த டிக்கில் யாரும் நகர்த்தவில்லை. ஒரு டிக் தவறினால் கண்ணுக்குத் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். ஒரே டிக்கில் பல தீப்பந்துகள் முடியும்போது தவறும் எண்ணிக்கை கூடும், நஞ்சைப் போன்ற ஒரு நொடி இடைவெளி வேலைகளில் ஒரு முழுத் தாக்கமே காணாமல் போகும். படியெடுத்தவுடன் லூப்பின் எண்ணை ஒன்று குறையுங்கள். லூப் மறுபடியும் 1-க்கே வந்து, புதிதாக அமர்ந்ததை நகர்த்தும்.

இங்கே ‘இன்டிஜர் ஏ’ வகையை ஒதுக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது தன் இறுதி எண்ணை லூப் தொடங்கும்போதே குறித்து வைத்துக்கொள்கிறது. மொத்தம் 2 ஆகிவிட்ட பிறகும் அது 3 வரை ஓடி, அங்கே கிடக்கும் பழைய படியை நகர்த்தும். அதே தீப்பந்து ஒரே டிக்கில் இரண்டு முறை நகரும். ‘இன்டிஜர் வேரியபிள்’ வகை ஒவ்வொரு சுற்றிலும் மொத்தத்தைப் புதிதாகப் பார்ப்பதால் 2-இலேயே நின்றுவிடும். ஜாஸில் எழுதுபவர்கள் மொத்தத்திலிருந்து 1-ஐ நோக்கிப் பின்னோக்கிச் சுற்றலாம். அப்போது படியெடுக்கப்படும் கடைசித் தீப்பந்து ஏற்கெனவே நகர்த்தப்பட்டதாக இருக்கும், எண்ணைக் குறைக்க வேண்டிய தேவையே எழாது.

மொத்தம் 0 ஆனதும் பீரியாடிக் ட்ரிகரை நிறுத்திவிடுங்கள். நான் மற்றவர்களின் மேப்புகளைத் திறந்து பார்க்கும்போது முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். அது இல்லாத மேப்பில், யாரும் ஏவாத மந்திரங்கள்கூட ஆட்டம் முடியும்வரை நொடிக்கு 32 முறை எழுந்து, எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

நிறுத்திய ட்ரிகரை மறுபடி இயக்கினால் முதல் டிக் எப்போது வரும்?

நீங்கள் இயக்கிய நேரத்திலிருந்து ஒரு முழு இடைவெளி கழித்து வரும் என்று நம்ப வேண்டாம். ட்ரிகரை நிறுத்தினாலும் அதன் நிகழ்வுக்கு உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு நொடி இடைவெளியுள்ள நஞ்சு ட்ரிகரை அந்த நொடியின் கடைசிக் கால்பங்கில் இயக்கினால், முதல் தாக்கம் கால் நொடிக்குள் வந்துவிடும். துல்லியம் முக்கியமான இடங்களில் பீரியாடிக் நிகழ்வை விட்டுவிட்டு டைமர் வேரியபிளைப் பயன்படுத்துங்கள். அதைத் தொடங்கிய கணத்திலிருந்தே அது எண்ணுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே டைமரா, ஆளுக்கொரு டைமரா?

எல்லாமே ஒரே இடைவெளியில் நகர்பவை என்றால் ஒரே டைமரும் மேலே சொன்ன அரேக்களும் போதும். அதைவிடச் சிக்கனமான வழியை நான் கண்டதில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் ஒரேயொரு முறை முடிய வேண்டியது என்றால், உதாரணமாக 12 நொடிக்குப் பிறகு விலக வேண்டிய காப்பு என்றால், ஆளுக்கொரு டைமரே சரி. டைமரோடு விவரங்களை இணைப்பதற்கு, 2009-இல் வந்த 1.24 பதிப்பிலிருந்து ஹேஷ்டேபிள் (சாவி கொடுத்து மதிப்பைச் சேமிக்கும் அட்டவணை) இருக்கிறது. டைமரின் ஹேண்டில் எண்ணை (ஆட்டம் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் அடையாள எண்ணை) சாவியாக வைத்து விவரங்களைச் சேமித்து, டைமர் முடிந்ததும் அதே சாவியால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு அந்தச் சாவியின் கீழ் உள்ளவற்றை அழித்துவிட்டு, டைமரையும் அழிக்க வேண்டும்.

தொடக்கத்தில் நன்றாக ஓடிய மேப் போகப் போகத் தடுமாறுவது ஏன்?

பெரும்பாலும் மெமரி லீக், அதாவது பயன் முடிந்தும் அழிக்கப்படாத பொருள்கள் நினைவகத்தில் குவிவது. என் முதல் பெரிய மேப்பை இதனாலேயே நான் இரண்டு முறை கைவிட்டேன். தவறு எந்தக் கடினமான ட்ரிகரிலும் இல்லை. மிக எளிதாகத் தோன்றிய ஒரு வரியில் இருந்தது.

‘யூனிட்டை, அதன் இடத்திலிருந்து 18.75 அலகு தள்ளி உள்ள பாயின்டுக்கு நகர்த்து’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டின் இடத்தைக் கேட்டவுடன் எடிட்டர் ஒரு பாயின்டை (மேப்பில் ஓர் இடத்தைக் குறிக்கும் பொருளை) உருவாக்குகிறது; தள்ளி உள்ள இடத்துக்காக இன்னொன்றை உருவாக்குகிறது. வரி முடிந்த பிறகும் இரண்டும் நினைவகத்திலேயே கிடக்கின்றன. அவற்றை அழிக்க யாருமில்லை. நொடிக்கு 32 டிக், டிக்குக்கு 2 பாயின்ட், 10 தீப்பந்துகள் என்றால் நொடிக்கு 640 பாயின்டுகள். இவை இடைவிடாமல் பறக்கும் மேப்பில் பத்தே நிமிடத்தில் 3,84,000 பாயின்டுகள் குவிந்துவிடும். ஆட்டத்தில் ஒருமுறை ஓடும் ட்ரிகரில் இதே வரி இருந்தால் யாருக்கும் தெரியாது. லூப் அதைப் பெருக்கிவிடுகிறது. ஆகவே ஒரு லூப்பின் சுமையை அது எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்து மட்டும் அளக்காதீர்கள்; ஒவ்வொரு சுற்றிலும் எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பாருங்கள்.

தீர்வு: பாயின்டை முதலில் ஒரு வேரியபிளில் வைத்து, பயன்படுத்தி, பிறகு ட்ரிகருக்குள் ஜாஸ் எழுத உதவும் கஸ்டம் ஸ்கிரிப்ட் வரியில் ‘ரிமூவ் லொகேஷன்’ கொண்டு அழிக்க வேண்டும். யூனிட் குரூப்புகளுக்கு (யூனிட்டுகளின் குழுக்களுக்கு) ‘டெஸ்ட்ராய் குரூப்’ இருக்கிறது. ‘பிக் எவ்ரி யூனிட்’ வரிக்குச் சற்று முன்னால் ‘பிஜே வான்ட் டெஸ்ட்ராய் குரூப்’ என்னும் வேரியபிளை ‘ட்ரூ’ ஆக்கினால், அந்த வரி முடிந்ததும் குரூப் தானே அழிந்துவிடும். பாயின்டே வேண்டாம் என்று ஜாஸில் எக்ஸ், ஒய் ஆயங்களை நேரடியாகப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. ‘செட் யூனிட் எக்ஸ்’, ‘செட் யூனிட் ஒய்’ இரண்டும் எதையும் உருவாக்குவதில்லை, யூனிட் பெற்றிருக்கும் கட்டளையையும் குலைப்பதில்லை. ஆனால் அவற்றால் மேப்பின் எல்லைக்கு வெளியே கொண்டுபோனால் விளையாட்டே மூடிக்கொள்ளும். எல்லைச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அழிக்கக் கூடாதவையும் உண்டு. ‘ஆல் பிளேயர்ஸ்’ என்பது மேப் முழுமைக்கும் பொதுவான ஒரே குழு. லீக் என்று நினைத்து அதை அழித்தால் அதன்பின் எல்லோருக்கும் காட்ட வேண்டிய செய்திகள் யாருக்கும் தெரியாமல் போகும். ‘பிளேயபிள் மேப் ஏரியா’வும் அப்படியே.

என் லூப் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

மூன்று காரணங்களைச் சோதியுங்கள். முதலாவது, ஜாஸ் ஒரே ஓட்டத்தில் செய்யக்கூடிய வேலைக்கு வரம்பு வைத்திருக்கிறது. மேப் அமைப்பவர்களிடையே 3,00,000 என்று நெடுங்காலமாக அறியப்பட்ட வரம்பு அது. அதைத் தாண்டியதும் அந்த ஓட்டம் சத்தமின்றிச் செத்துப்போகிறது, மீதி வரிகள் ஓடுவதே இல்லை. அகலத்திலும் உயரத்திலும் 128 கட்டங்கள் உள்ள மேப்பில் 16,384 கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் இருபது முப்பது வேலைகள் என்றால் ஒரே லூப்பில் முடிக்க முடியாது. ஒரு டிக்குக்கு ஒரு வரிசை என்று பிரித்தால் 128 டிக்குகளில், அதாவது 4 நொடியில், வேலை முடிந்துவிடும். ஆட்டமும் ஒரு கணத்தில் திக்கி நிற்காது. அவசரமாக ஒரே கணத்தில் முடிய வேண்டும் என்றால், ஒவ்வொரு வரிசையையும் ‘எக்ஸிக்யூட் ஃபங்ஷன்’ வழியாக அழையுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் வரம்பு புதிதாகத் தொடங்குகிறது.

இரண்டாவது, முழு எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்தல். மூன்றாவது, மதிப்பு வைக்கப்படாத லோக்கல் வேரியபிளை (அந்த ஓட்டத்துக்கு மட்டும் உரியதை) படித்தல். இரண்டும் அதே சத்தமற்ற சாவைத் தருகின்றன. லூப் எங்கே நின்றது என்று அறிய, அதன் எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் திரையில் காட்டுங்கள்.

யூனிட் குரூப்பைச் சுற்ற எந்த முறை நல்லது?

பெரும்பாலான வேலைகளுக்கு ‘பிக் எவ்ரி யூனிட்’ போதும். ஜாஸில் ‘ஃபர்ஸ்ட் ஆஃப் குரூப்’ மூலம் முதல் யூனிட்டை எடுத்து, வேலையை முடித்து, அதைக் குரூப்பிலிருந்து நீக்கி, குரூப் காலியாகும்வரை தொடரும் முறை படிக்கத் தெளிவானது; லோக்கல் வேரியபிள்களையும் அப்படியே பயன்படுத்த முடியும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஆட்டத்திலிருந்து ஏற்கெனவே அகற்றப்பட்ட யூனிட் குரூப்பில் மிச்சமிருந்தால், அதன் முறை வரும்போது வெறுமைதான் திரும்ப வரும்; குரூப் காலியாகிவிட்டது என்று லூப் முடிந்துவிடும். எனவே நெடுநேரம் வைத்திருக்கும் குரூப்புகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கணத்தில் நிரப்பி அந்தக் கணத்திலேயே காலி செய்யும் குரூப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அரேக்கள் நிரம்பிவிடுமா?

இந்த முறையில் நிரம்புவது அரிது. ஓர் அரேயின் அளவு நெடுங்காலம் 8,192 ஆக இருந்தது. 2018-இல் வந்த 1.29 பதிப்பில் 32,768 ஆக உயர்த்தப்பட்டது. முடிந்ததை நீக்கிக் கடைசியை அதன் இடத்தில் வைப்பதால், ஒரே நேரத்தில் உயிரோடிருப்பவைதாம் கணக்கு. யூனிட் குரூப், டைமர் ஆகியவற்றின் அரேக்களுக்கு மட்டும், வேரியபிளை உருவாக்கும் சாளரத்தில் தேவையான அளவைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் தொடக்க இடங்களைத் தவிர மற்றவை வெறுமையாக இருக்கும், அவற்றில் யூனிட்டைச் சேர்த்தாலும் சேராது.

ஸ்டார்கிராஃப்டின் ஹைப்பர் ட்ரிகரும் இதுவும் ஒன்றா?

நோக்கம் ஒன்று, வழி வேறு. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்டின் எடிட்டரில் டைமர் நிகழ்வு கிடையாது. ட்ரிகர்களின் நிபந்தனைகளை ஆட்டம் ஏறக்குறைய 2 நொடிக்கு ஒருமுறைதான் சோதிக்கும். ஒருமுறையோடு முடியாமல் மீண்டும் ஓடச் செய்யும் ‘பிரிசர்வ் ட்ரிகர்’ சேர்த்த ஒரு ட்ரிகருக்குள் பூஜ்ஜிய ‘வெயிட்’களை வரிசையாக அடுக்கினால் சோதனை பன்மடங்கு விரைவாக நடக்கும் என்று மேப் அமைப்பவர்கள் கண்டுபிடித்தார்கள்; அதுதான் ஹைப்பர் ட்ரிகர். ஒரு ட்ரிகருக்கு 64 செயல்கள்தாம் என்பதால், அதை நிரப்பி, அதே ட்ரிகரைச் சில படிகள் வைப்பது வழக்கமாயிற்று. அந்த ட்ரிகர்களை வைத்திருக்கும் ஆட்டக்காரருக்கு வேறெந்த ‘வெயிட்’டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தடுத்து நிற்கும். வேர்ல்ட் எடிட்டரில் இந்தச் சுற்றுவழிக்குத் தேவையே இல்லை.

என் லூப் லீக் ஆகவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

ஓர் எண்ணைத் திரையில் காட்டிப் பார்த்தால் போதும். சோதனை ட்ரிகர் ஒன்றில் ஒரு பாயின்டை உருவாக்கி, அதன் ஹேண்டில் எண்ணிலிருந்து 10,48,576-ஐக் கழித்துக் காட்டிவிட்டு, அந்தப் பாயின்டை அழித்துவிடுங்கள். ஹேண்டில் எண்கள் அந்த எண்ணிலிருந்து தொடங்குவதாலும், அழிக்கப்பட்டவற்றின் எண்கள் மறுபடி பயன்படுத்தப்படுவதாலும், இந்த மீதி இப்போது எத்தனை பொருள்கள் உயிரோடிருக்கின்றன என்பதை ஏறக்குறையக் காட்டும். மேப் அமைதியாக இருக்கும்போது அதைக் குறித்துக்கொண்டு, மந்திரத்தை 50 முறை ஏவி, எல்லாத் தீப்பந்துகளும் முடிந்த பிறகு மறுபடி பாருங்கள். பழைய எண்ணுக்கு அருகிலேயே இருந்தால் லூப் சுத்தமாக இருக்கிறது. ஏவலுக்கு ஒன்று வீதம் 50 கூடியிருந்தால், ஏவும் ட்ரிகரிலோ முடிக்கும் இடத்திலோ ஏதோ ஒன்று அழியவில்லை. ஆயிரக்கணக்கில் கூடியிருந்தால், தேட வேண்டிய வரி டிக்குக்குள் இருக்கிறது.